புரூம் கிளையின் பட்டைக்குள் இருந்த புழுக்கள்: ஓர் அடையாள ஆய்வு

மேற்கு ஐரோப்பாவில், மணல் கலந்த திறந்தவெளி ஒன்றில் நின்ற ஸ்காட்ச் புரூம் புதரிலிருந்து ஏப்ரல் நடுவில் வெட்டிய கிளைகள்தான் இந்த ஆய்வின் பொருள். முந்தைய ஆண்டு விட்ட கிளைகள். பென்சிலைவிட மெல்லியவை, பச்சை மாறாதவை. அவற்றின் மேல்தோலுக்குக் கீழே பழுப்புக் கோடுகள் ஓடின. சில கோடுகள் மிக ஒடுக்கமாகத் தொடங்கி, போகப்போக அகன்று, கிளையின் நீளவாக்கில் போய் நின்றன. அகன்ற இடத்தில் பட்டை லேசாக உப்பியிருந்தது. வேறு சில கடைசிவரை ஒடுங்கியே இருந்தன. உள்ளே இருப்பது என்ன புழு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரே புதரில் இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்ந்த அந்துப்பூச்சிகள் இருந்தன. ஒன்று லையோனெட்டிடே குடும்பத்தின் லுகோப்டெரா ஸ்பார்டிஃபோலியெல்லா. மற்றது நெப்டிகுலிடே குடும்பத்தின் ட்ரைஃபர்குலா இம்முண்டெல்லா. சில சுரங்கங்களுக்கு (புழு மேல்தோலுக்குக் கீழே தின்றுகொண்டே போன தடங்களுக்கு) பெயர் வைக்க முடியவில்லை, வைக்கவும் கூடாது. இந்த முடிவுக்கு எந்த வழியில் வந்தோம் என்பதை விரிவாக எழுதக் காரணம், கிளைச்சுரங்கங்களுக்குப் பெயர் சொல்லும்போது பலரும் சுரங்கத்தின் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இலையில் அது பலமுறை சரியாக வரும். கிளையில் வராது.

இலை மெல்லியது, தட்டையானது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முட்டை வைத்த இடம், புழு திரும்பிய திருப்பங்கள், எச்சம் ஒற்றைக் கோடாகக் கிடக்கிறதா சிதறிக் கிடக்கிறதா, வெளியேறிய கிழிசல் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என எல்லாம் தெரியும். இலைச்சுரங்கங்களுக்கான அடையாளக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தத் தகவல்களை நம்பியே எழுதப்பட்டவை. கிளையோ ஒளி புகாதது, உருண்டையானது. ஒரு பக்கம் தொடங்கும் சுரங்கம் மறுபக்கம் போய்விடும். பட்டை தடிக்கத் தடிக்கக் கோடு மங்கும், வெடிக்கும், ஆறிய தழும்போடு கலந்துவிடும். எச்சம் எப்படிக் கிடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இலை உதிர்ந்துவிடும், கிளை அங்கேயே இருக்கும். போன ஆண்டுச் சுரங்கமும் இந்த ஆண்டுச் சுரங்கமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, ஒரே புழுவின் வேலை என்று தோன்றுவது இரண்டு வெவ்வேறு பூச்சிகளின் வேலையாக இருக்கலாம். இந்தப் புதரில் அதுதான் நடந்திருந்தது.

முதலில் செடி

சுரங்கப் புழுக்களில் பெரும்பாலானவை ஒரு செடிப் பேரினத்தையோ நெருங்கிய சில பேரினங்களையோ மட்டுமே உண்ணும். அதனால் செடியின் பெயர் தவறினால் பூச்சியின் பெயரும் தவறும். கிளைச்சுரங்கங்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் குளிர்காலத்தின் இறுதியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும்தான். அப்போது இலையும் பூவும் இருக்காது. தண்டை வைத்தே செடியைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் செடியின் கிளைகளில் ஐந்து முகடுகள் நீளவாக்கில் தெளிவாக ஓடின. முள் இல்லை. இது சைட்டிசஸ் ஸ்கோபாரியஸ், அதாவது ஸ்காட்ச் புரூம். இதே நிலத்தில் வளரக்கூடிய கோர்ஸ் செடிக்கு உடம்பெல்லாம் முள். ஸ்பானிஷ் புரூமின் தண்டு உருண்டையாக, முகடு இல்லாமல், கோரைத் தண்டு மாதிரி இருக்கும். வேறுபாடு சிறியதல்ல: கோர்ஸ் கிளையின் பட்டையில் சுரங்கம் போடும் ஃபில்லோனோரிக்டர் யூலிசிகொலெல்லா என்ற தனிப் பூச்சி உண்டு. செடியைக் கோர்ஸ் என்று எழுதிவிட்டால், தேட வேண்டிய பெயர்களின் பட்டியலே மாறிவிடும்.

புரூமைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இதன் இலைகள் சிறியவை, சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கையில் பெரும்பங்கைப் பச்சைத் தண்டே செய்கிறது. அதாவது பச்சையம் நிறைந்த, மென்மையான, சத்துள்ள திசு இந்தச் செடியில் பட்டைக்குக் கீழேயே இருக்கிறது, குளிர்காலத்திலும் உயிரோடு இருக்கிறது. இலையுதிர் செடியில் வாழும் இலைச்சுரங்கப் புழு, இலை விழுவதற்குள் வளர்ந்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்த இலையோடு போக வேண்டும். புரூம் கிளையில் இருக்கும் புழுவுக்கு அந்த அவசரம் கிடையாது. கோடையில் முட்டையிலிருந்து வந்தது, இலையுதிர்காலத்தையும் குளிர்காலத்தையும் பட்டைக்குள்ளேயே கழித்து, வசந்தத்தில் வளர்ச்சியை முடிக்கும். ஒரே செடியின் கிளைப்பட்டையை மூன்று அந்துப்பூச்சிக் குடும்பங்கள் தனித்தனியே வந்து பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பச்சைத் தண்டு ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்துப்பூச்சிதானா?

இதைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம், ஆனால் தாண்டாமல் விடக்கூடாது. கிளைக்குள் வாழும் எல்லாமே அந்துப்பூச்சிப் புழுவல்ல. சுரங்கம் என்பது மேல்தோலை மூடியாக வைத்துக்கொண்டு அதன் கீழே உள்ள திசுவை மட்டும் தின்னும் வழி. கட்டைக்குள்ளோ நடுச்சோற்றிலோ போகும் துளை வேறு. அது துளைப்பான்களின் வேலை. புரூம் கிளையில் அக்ரோமைசிடே என்ற ஈக்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஈ முடிச்சு போன்ற வீக்கங்களை உண்டாக்கும். பட்டை வண்டுகளின் புழுக்களும் இறந்துகொண்டிருக்கும் கிளைகளில் உண்டு.

பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஈயின் புழுவுக்குத் தலை ஓடு இருக்காது. முன்முனையில் கறுப்பாக இரண்டு வாய்க்கொக்கிகள் மட்டும் தெரியும். பட்டை வண்டின் புழு வெள்ளையாக, வளைந்து, காலே இல்லாமல், தெளிவான பழுப்புத் தலையோடு இருக்கும். மணிவண்டுக் குடும்பப் புழுக்களுக்குத் தலைக்கு அடுத்த கண்டம் அகன்று தட்டையாக இருக்கும். நமது கிளைகளில் வீக்கமும் இல்லை, கட்டைக்குள் துளையும் இல்லை. எல்லாச் சுரங்கங்களும் பச்சைத் திசுவிலேயே இருந்தன.

மூன்று பெயர்கள்

ஐரோப்பாவில் புரூம் கிளையின் பட்டையில் சுரங்கம் போடும் அந்துப்பூச்சிகள் என்று வந்தால் மூன்று பெயர்களை எடைபோட வேண்டும்.

லுகோப்டெரா ஸ்பார்டிஃபோலியெல்லா: 1813ல் ஹியூப்னர் விவரித்தது. புழு பட்டைக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தின் பிற்பகுதியில் வெளியே வந்து, கிளையின் மேலேயே வெண்மையான பட்டுக்கூடு கட்டும். ஜூன், ஜூலையில் பூச்சி பறக்கும். இறக்கை விரித்தால் 7 முதல் 9 மில்லிமீட்டர். பளபளக்கும் வெள்ளை, முன்னிறக்கையின் நுனிப்பக்கம் கருமை கலந்த மஞ்சள் பட்டைகள்.

ட்ரைஃபர்குலா இம்முண்டெல்லா: 1839ல் ஸெல்லர் விவரித்தது. உலகின் மிகச் சிறிய அந்துப்பூச்சிகள் அடங்கிய நெப்டிகுலிடே குடும்பம். இதன் புழுவும் குளிர்காலத்தைப் பட்டைக்குள்தான் கழிக்கும். ஆனால் வளர்ந்ததும் கிளையை விட்டு இறங்கி, தரையிலுள்ள மக்கில் கூடு கட்டும்.

ஃபில்லோனோரிக்டர் ஸ்கோபாரியெல்லா: இதுவும் ஸெல்லர் விவரித்ததுதான், 1846ல். கிராசிலாரிடே குடும்பம். இந்தப் புழு வெளியேறவே வெளியேறாது, சுரங்கத்துக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். பூச்சி வெளிப்படும் நேரத்தில் கூட்டுப்புழு மேல்தோலைக் கிழித்துப் பாதி வெளியே நீட்டும். பூச்சி பறந்தபின் காலித் தோல் அப்படியே கிளையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிரிக்கும் கோடு சுரங்கத்தின் வடிவத்தில் இல்லை என்பது தெரியும். எங்கே கூட்டுப்புழுவாகிறது என்பதில் ஒரு கோடு இருக்கிறது: கிளையின் மேல், தரையில், சுரங்கத்துக்குள். புழுவின் காலில் இன்னொரு கோடு இருக்கிறது. முதல் கோட்டுக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

கால்களைப் பார்ப்பது

சுரங்கத்தைத் திறப்பதற்குக் கூர்மையான மெல்லிய கத்தியும் இரண்டு நுண்ணூசிகளும் போதும். கோட்டின் மேலேயே வெட்டக்கூடாது, புழு இரண்டாகிவிடும். கோட்டின் ஓரமாக மேல்தோலை மட்டும் கீறி, ஊசியால் மடித்துத் திறக்க வேண்டும். அகன்ற முனையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் புழு அங்கேதான் இருக்கும். திறப்பதற்கு முன்பே கிளையின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைக்க வேண்டும். திறந்தபின் சுரங்கத்தின் உருவம் திரும்பக் கிடைக்காது.

அகன்ற, உப்பிய சுரங்கத்திலிருந்து வந்த புழுவைத் தண்ணீர்த் துளியில் மல்லாத்திப் போட்டு, பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தபோது மார்பில் மூன்று இணைக் கால்கள் இருந்தன. வயிற்றில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கண்டங்களில் குட்டையான போலிக்கால்கள் (கணு இல்லாத சதைக்கால்கள்). கடைசிக் கண்டத்திலும் ஓர் இணை. போலிக்கால்களின் நுனியில் நுண்ணிய கொக்கிகள் வட்டமாக அமைந்திருந்தன.

ஆறாவது கண்டத்துக் கால்தான் இங்கே தீர்ப்பு சொல்வது. கிராசிலாரிடே புழுக்களுக்கு மூன்று, நான்கு, ஐந்தாம் கண்டங்களிலும் கடைசிக் கண்டத்திலும் மட்டுமே போலிக்கால் உண்டு, ஆறாவதில் கிடையாது. நெப்டிகுலிடே புழுக்களுக்கு மார்புக் கால்களும் கிடையாது, கொக்கி வைத்த போலிக்கால்களும் கிடையாது. பக்கத்துக்கொன்றாக அமைந்த மென்மையான சதைமேடுகளால் ஊன்றி நகரும். ஆறாம் கண்டத்தில் கால் இருந்ததால் ஃபில்லோனோரிக்டர் விலகியது. கால் என்று ஒன்று இருந்ததாலேயே ட்ரைஃபர்குலா விலகியது. மிஞ்சியது லையோனெட்டிடே, இந்தச் செடியின் கிளையில் அது லுகோப்டெரா ஸ்பார்டிஃபோலியெல்லா.

ஒடுங்கிய சுரங்கத்துப் புழு வேறு மாதிரி. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் கால் இல்லை. கால் இல்லை என்பதாலேயே நெப்டிகுலிடே என்று எழுதிவிடக்கூடாது. பலர் சறுக்கும் இடம் இது. கிராசிலாரிடே புழுக்கள் வளரும்போது உருவமே மாறுபவை. ஃபில்லோனோரிக்டரில் முதல் மூன்று பருவங்கள் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலங்கள்) சாறுண்ணும் பருவங்கள்: புழு தட்டையாக, காலில்லாமல் இருக்கும், தலை ஆப்பு போல முன்னால் நீளும், தகடு போன்ற தாடைகளால் செல்களைக் கிழித்துச் சாற்றை உறிஞ்சும். அதன் பிறகான இரண்டு பருவங்களில்தான் கால் முளைத்து, உடல் உருண்டு, வழக்கமான தாடைகளோடு திசுவைக் கடித்துத் தின்னும். ஆக, காலில்லாத புழு ஒன்று கையில் கிடைத்தால் அது முதிர்ந்த நெப்டிகுலிடாகவும் இருக்கலாம், இளைய கிராசிலாரிடாகவும் இருக்கலாம்.

தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நமது புழுவின் தலை முன்னோக்கி இருந்தது, ஆனால் ஆப்பு போலத் தட்டையாக இல்லை. தாடைகள் பல்லோடு, கடிக்கும் வகையில் இருந்தன. தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு எளிய கண். இந்த ஒற்றைக் கண் நெப்டிகுலிடே புழுக்களின் அடையாளங்களில் ஒன்று. மற்ற அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பொதுவாகப் பக்கத்துக்குப் பல கண்கள் இருக்கும். உடலின் அடிப்புறத்தில் மார்பின் இரண்டாம், மூன்றாம் கண்டங்களிலும் வயிற்றின் இரண்டு முதல் ஏழாம் கண்டங்கள் வரையிலும் சதைமேடுகள் இணை இணையாக இருந்தன. இதற்கு மேல் தயங்க வேண்டியதில்லை.

சுரங்கத்தின் தொடக்கத்தையும் பார்த்தோம். நெப்டிகுலிடே பூச்சி முட்டையைச் செடியின் மேற்பரப்பில் ஒட்டிவைக்கும். புழு முட்டையின் அடிப்பாகத்தைத் துளைத்து நேரே திசுவுக்குள் இறங்கும். எனவே முட்டை ஓடு சுரங்கத்தின் வாயிலிலேயே ஒட்டியபடி இருக்கும். ஒடுங்கிய சுரங்கம் ஒன்றின் தொடக்கத்தில் கைலென்ஸில் தெரியும் அளவுக்கு ஒரு சிறு குமிழ் இருந்தது. மழையும் காற்றும் குளிர்காலம் முழுக்க அடித்த பிறகு எல்லாச் சுரங்கத்திலும் அது எஞ்சியிருக்காது. இருந்தால் நல்ல துணைச்சான்று. இல்லையென்றால் அதை வைத்து எதையும் மறுக்க முடியாது.

இன்னொரு புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தவறான பெயருக்கு நேராக இட்டுச் செல்லும். ஒரு சுரங்கத்தில் வெள்ளையான, காலில்லாத, தலை ஓடும் தெளிவாக இல்லாத குட்டைப் புழு இருந்தது. அதன் பக்கத்திலேயே சுருங்கிப்போன ஒரு தோல், அதில் சிறிய பழுப்புத் தலை ஓடு. அந்தத் தோல்தான் சுரங்கத்தின் சொந்தக்காரர். வெள்ளைப் புழு, அதை வெளியிலிருந்து உறிஞ்சித் தின்ற ஒட்டுண்ணிக் குளவியின் புழு. சுரங்கப் புழுக்களைத் தாக்கும் யூலோஃபிடே குடும்பக் குளவிகளில் இது சகஜம். புழு கிடைத்ததும் பெயர் தேடப் போய்விடாமல், சுரங்கத்தின் மிச்சப் பகுதியையும் திறந்து தலை ஓடு தனியாகக் கிடக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வளர்த்துப் பார்த்தது

காலை வைத்துக் குடும்பம் தெரிந்தது. சிற்றினம் வரை போக, செடியை நம்பினோம்: "இந்தச் செடியில் இந்தக் குடும்பத்தில் இதுதான் உண்டு" என்ற வாதம். வாதம் பலமானதுதான், ஆனாலும் அது அறிந்தவற்றின் பட்டியலை நம்பி நிற்கிறது. பூச்சியே வெளியே வந்தால் அந்தச் சார்பு குறையும். ஆகவே திறக்காத கிளைகளை வளர்ப்புக்கு வைத்தோம்.

கிளைச்சுரங்கப் புழுவை வளர்ப்பதில் பருவம் முக்கியம். இலையுதிர்காலத்தில் வெட்டிய கிளை குளிர்காலம் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும்; பெரும்பாலும் இருக்காது, காய்ந்துவிடும், புழுவும் அதோடு போகும். வசந்தத்தில், புழு வெளியேறுவதற்குச் சில வாரங்கள் முன்பு வெட்டினால் வேலை பாதியாகக் குறையும். அதனால்தான் ஏப்ரல். கிளைகளின் அடியைத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் வாயைப் பஞ்சால் அடைத்து (இல்லாவிட்டால் வெளியே வரும் புழு தண்ணீரில் விழுந்துவிடும்), காற்றோட்டமுள்ள பெட்டியில், வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுவராமல் வெளி வெப்பநிலையிலேயே வைத்தோம். பெட்டியின் அடியில் லேசாக ஈரமான பாசியும் மக்கும் பரப்பியிருந்தது. இந்த அடுக்கு இல்லாமல் வளர்ப்பவர்களுக்கு லுகோப்டெரா மட்டும் கிடைக்கும். ட்ரைஃபர்குலா புழு இறங்கி வந்து, கூடு கட்ட இடமில்லாமல் பெட்டியின் மூலையில் காய்ந்து கிடக்கும். பிறகு "இந்தப் புதரில் ஒரே இனம்தான்" என்று பதிவாகும்.

மே மாதத்தில் கிளைகளின் மேல் வெண்ணிறக் கூடுகள் தோன்றின. ஒவ்வொன்றும் கிளையோடு ஒட்டி, நீளவாக்கில், கதிர் போல இரு முனையும் கூம்பி இருந்தது. இதைக் காணும்போதே ஃபில்லோனோரிக்டர் அல்ல என்பது மீண்டும் உறுதியானது. ஜூனில் வெள்ளைப் பூச்சிகள் வந்தன. தலை வழவழப்பாக இருந்தது. உணர்கொம்பின் அடிக்கண்டம் அகன்று கண்ணுக்கு மேல் மூடி போல நின்றது. முன்னிறக்கை நுனியில் மஞ்சள் பட்டைகள். லுகோப்டெரா பேரினத்தில் இப்படி வெள்ளையும் மஞ்சளுமாக ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இனங்கள் பல உண்டு, அதனால் பிறந்த செடி தெரியாமல் விளக்கு வெளிச்சத்தில் பிடித்த ஒன்றுக்கு இவ்வளவு உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. லாபர்னம் மரத்தின் இலையில் வளரும் லுகோப்டெரா லாபர்னெல்லாவும் பார்வைக்கு இதைப்போலத்தான். கிளையிலிருந்து வளர்த்தெடுத்த பூச்சி என்பதுதான் இங்கே மதிப்பு.

சில கூடுகளிலிருந்து பூச்சிக்குப் பதிலாகச் சிறிய, உலோகப் பளபளப்புள்ள குளவிகள் வந்தன. அவற்றையும் புழுவின் பெயரோடும் செடியின் பெயரோடும் சேர்த்துத் தனியே பாதுகாத்தோம். குளவியை வீணான விளைவு என்று தூக்கிப்போடும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. எந்தக் குளவி எந்தப் புழுவில் என்ற தகவல், இப்படி ஒருவர் பெட்டி வைத்துக் காத்திருந்தால் மட்டுமே கிடைப்பது.

ட்ரைஃபர்குலா தாமதமாக, ஜூலையில் வந்தது. பாசிக்குள்ளிருந்து ஏறி வந்து பெட்டியின் சுவரில் உட்கார்ந்திருந்தது. லுகோப்டெராவைவிடச் சிறியது, மங்கலான சாம்பல் மஞ்சள், அதன்மேல் கருஞ்செதில்கள் தூவியது போல. அதற்கும் கண்மூடி உண்டு, ஆனால் தலையுச்சியில் மயிர் கற்றையாகச் சிலிர்த்து நின்றது. வழவழப்பான தலைக்கும் சிலிர்த்த தலைக்கும் உள்ள வேறுபாடு கைலென்ஸிலேயே தெரியும். ட்ரைஃபர்குலா இனங்களுக்கிடையே வெளித்தோற்றத்தில் குழப்பம் அதிகம் என்பதால் வயிற்றுப்பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மென்மையாக்கி இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒரு பூச்சி மட்டுமே இருந்தாலும் தயங்காமல் அதைச் செய்ய வேண்டும். பிரித்த உறுப்பும் பூச்சியோடு சேர்ந்தே பாதுகாக்கப்படும், எதுவும் இழப்பில்லை.

வேறு நிலத்தில் இதே கேள்வி

புரூம் தன் தாயகத்தைத் தாண்டி வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனப் பல இடங்களில் களையாகப் பரவிய செடி. அதைக் கட்டுப்படுத்த லுகோப்டெரா ஸ்பார்டிஃபோலியெல்லாவையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1960ல் திட்டமிட்டு விட்டார்கள். நியூசிலாந்தில் 1950 வாக்கில், யாரும் கொண்டுவராமல் தானாகவே வந்து சேர்ந்தது தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 1993ல் விட்டார்கள். தாக்குதல் கடுமையாக இருந்தால் கிளைகளின் நுனி காய்ந்துபோகும்.

இத்தகைய நாட்டில் ஒருவர் புரூம் கிளையில் சுரங்கத்தைக் கண்டு "லுகோப்டெரா" என்று எழுதினால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் போட்டிக்கு வேறு பூச்சி அங்கே பெரும்பாலும் இருக்காது. அந்தக் குறுக்குவழியை ஐரோப்பாவுக்கு எடுத்துவந்தால் தவறும். மூன்று குடும்பங்களும் இருக்கும் இடத்தில் எழுதப்படும் பதிவுக்கும் ஒன்று மட்டும் இருக்கும் இடத்தில் எழுதப்படும் பதிவுக்கும் ஒரே அளவு சான்று போதாது.

பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பது வெறும் ஒழுங்குக்காக அல்ல. இங்கிலாந்தின் சில்வுட் பார்க் ஆய்வு வளாகத்தில் பூச்சியியலாளர் நதியா வாலோஃப் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புரூம் புதரின் பூச்சிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தார். பூச்சிமருந்து தெளித்த புதர்களும் தெளிக்காத புதர்களும் எப்படி வளர்கின்றன என்று அவரும் உடன் ஆய்ந்த ரிச்சர்ட்ஸும் ஒப்பிட்டு 1977ல் வெளியிட்ட ஆய்வில், பூச்சிகளிடமிருந்து காக்கப்பட்ட புதர்கள் நன்றாக வளர்ந்து, அதிக விதை தந்தது தெரிந்தது. அந்த விளைவில் எந்தப் பூச்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வேண்டுமானால், கிளையைத் திறந்து புழுவின் காலைப் பார்க்காமல் தொடங்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். செடியை வைத்துத் தொடங்குவது எல்லா இடத்திலும் இவ்வளவு நேர்த்தியாக அமையாது. வட அமெரிக்காவில் கிளைப்பட்டையில் நீண்டு வளைந்து செல்லும் சுரங்கங்களைப் போடுபவை பெரும்பாலும் மார்மாரா பேரினத்துப் புழுக்கள். 1863ல் கிளெமென்ஸ் ஏற்படுத்திய பேரினம், கிராசிலாரிடே குடும்பம். இவற்றில் பல இனங்களுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. மார்மாரா குலோசா என்ற இனம் எலுமிச்சைக் குடும்பப் பழங்களின் தோலிலும், வில்லோ, அரளி போன்ற ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செடிகளின் தண்டிலும் சுரங்கம் போடும். அங்கே செடியின் பெயர் ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் மார்மாராவுக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு: கூடு கட்டும் புழு, நுண்ணிய முத்துப் போன்ற நுரைக்குமிழிகளைக் கூட்டின் மேல் ஒட்டிவைக்கும். வெறும் கூட்டைக் கண்டாலே பேரினத்தை ஓரளவு ஊகிக்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் மரபணுப் பட்டைக்குறிதான் பெரிய துணை. பால் ஹெபர்ட்டும் உடன் ஆய்ந்தோரும் 2003ல் முன்வைத்த இந்த முறையில், மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள பகுதியைப் படித்து ஒப்பிடுவார்கள். புழுவை நீர்த்த ஆல்கஹாலில் போடாமல் அடர் ஆல்கஹாலில் பாதுகாத்தால் பின்னாளிலும் இதைச் செய்யலாம். ஒரு புழுவை வளர்ப்புக்கு, இன்னொன்றை ஆல்கஹாலுக்கு என்று பிரித்து வைப்பதை எந்தப் புதரிலும் வழக்கமாகக் கொள்ளலாம்.

பெயரில்லாமல் விட்டவை

புதரில் காலிச் சுரங்கங்களும் இருந்தன. சிலவற்றின் முனையில் ஒரு கிழிசல். சிலவற்றில் வட்டமான மிகச் சிறு துளை. வட்டத் துளை குளவி வெளியேறியதைக் காட்டும். கிழிசல், புழு வெளியே போயிருக்கிறது என்பதைக் காட்டும், ஆகவே ஃபில்லோனோரிக்டர் இல்லை. லுகோப்டெராவா ட்ரைஃபர்குலாவா என்று அதற்கு மேல் பிரிக்கக் கிழிசல் போதாது. அகலத்தை வைத்துச் சொல்லத் தூண்டும். ஆனால் இளம் பருவத்திலேயே செத்துப்போன லுகோப்டெராவின் சுரங்கமும் ஒடுக்கமாகத்தான் இருக்கும். இந்தக் கிளைகளின் அடையாளச் சீட்டில் "சைட்டிசஸ் ஸ்கோபாரியஸ், கிளைப்பட்டைச் சுரங்கம், புழு வெளியேறியது, அந்துப்பூச்சி, லையோனெட்டிடே அல்லது நெப்டிகுலிடே" என்று எழுதினோம். வட்டத் துளை உள்ளவற்றில் குடும்பமும் எழுதவில்லை, ஏனென்றால் குளவி தின்ற புழு எது என்பது தெரியாது. இப்படி ஒரு சீட்டு பார்ப்பதற்கு முழுமையில்லாதது போல இருக்கும். பின்னாளில் யாராவது அந்தக் கிளையைத் திறந்து, உள்ளே உதிர்ந்து கிடக்கும் தலை ஓட்டைப் பார்த்துச் சரிசெய்ய அது இடம் வைத்திருக்கிறது. தவறான சிற்றினப் பெயர் ஏறிவிட்டால் அந்தக் கிளையை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஃபில்லோனோரிக்டர் ஸ்கோபாரியெல்லா இந்தப் புதரில் கிடைக்கவில்லை. ஏப்ரலில் வெட்டிய சில கிளைகளை வைத்து அது இங்கே இல்லை என்று எழுதுவதற்கில்லை. அதைத் தேடச் சரியான நேரம் ஜூன் கடைசியும் ஜூலையும்: கிளைகளை வெட்ட வேண்டாம், கைலென்ஸோடு புதரைச் சுற்றி நடந்து, பட்டையிலிருந்து துருத்தி நிற்கும் காலித் தோல் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.